லாபத்தோடு ஐம்பத்தொன்று

சோமசேகரத்தின் கடைச்சல் மெசின் ஒரு தையல் மெசினை விடக் கொஞ்சம்தான் பெரியது. வல்வெட்டித்துறைக் கப்பல்காரர் ஒருவர் எப்போதோ சீமையிலிருந்து கொண்டுவந்து, என்ன செய்வதென்று தெரியாமல் கோழிக்கூட்டுக்குள் போட்டு வைத்திருந்த சாமான் அது. றேடியோ திருத்திக் கொடுத்த சந்தோசத்தில் "தூக்கிக்கொண்டு போ தம்பி, கோழியளுக்கு இடம் காணாது" என்று சோமசேகரத்திடம் சொல்லிவிட்டார். உடுவிலில் வந்து இறங்கியபோது அதன் மேல் கோழி எச்சம் ஓர் அங்குலத்துக்கு இருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, அடியிலிருந்த பச்சை நிறத்தை வெளியே கொண்டுவந்தவள் அவனுடைய தங்கச்சி ஞானாம்பிகை.

மெசினில் ஒரு பெரிய குறை இருந்தது. இரும்பை உருட்டிச் சீவும், ஆனால் போல்டில் நட்டு ஏறுவதற்கான புரி வெட்டாது. புரி வெட்டுவதற்கான பற்சில்லுகள் கோழிக்கூட்டுக்கு வரும் முன்னரே தொலைந்துவிட்டன. புரி வெட்டாத கடைச்சல் மெசினால் யாருக்கும் பெரிய பிரயோசனம் இல்லை. தண்ணீர் இறைக்கும் மெசினில் ஒரு போல்ட் அறுந்தால் தோட்டம் முழுவதும் காய்கிற காலம் அது. இந்தியன் ஆமி கப்பலேறிப் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவர்களின் காவல் சென்றிகள் ஆளில்லாமல் நின்றன. கரண்ட் ஒழுங்காக வந்தது. சாமான்கள்தான் வரவில்லை.

அப்போதுதான் யூசுப் நானா இரண்டு மோட்டர்களைக் கொடுத்தார்.

யூசுப் நானாவுக்கு யாழ்ப்பாணம் ஐந்து சந்திக்குப் பக்கத்தில் பழைய இரும்புக் கடை. ஷெல் விழுந்த ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரிலிருந்து கம்பியூட்டரின் அச்சு மெசின் ஒன்று நசுங்கி அவரிடம் வந்திருந்தது. அதன் வயிற்றுக்குள் இருந்த இரண்டு மோட்டர்களைக் கழற்றித் துடைத்துச் சோமசேகரத்தின் கையில் வைத்தார்.

"ஒண்டும் வேண்டாம், தம்பி. ஓடினால் வந்து ஓடுது எண்டு சொல்லு. எனக்கு அது காணும்."

அன்று பின்னேரம் சோமசேகரம் மோட்டரின் தண்டைத் தங்கச்சியை விரலால் உருட்டிப் பார்க்கச் சொன்னான். அது வழுக்கிக்கொண்டு சுற்றவில்லை. கண்ணுக்குத் தெரியாத பற்களில் ஏறி இறங்குவதுபோல டிக், டிக் என்று நகர்ந்தது.

"சாதாரண மோட்டர் வண்டில் மாடு மாதிரி. கயித்தை விட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். இதுக்குப் பேர் ஸ்டெப்பர் மோட்டர். ஒருக்கால் தட்டினால் ஓரடி வைக்கும், தட்டாட்டில் நிக்கும். இருநூறு அடி வைச்சால்தான் ஒரு சுத்து."

"ஆர் தட்டுறது, அண்ணை?"

"வெளிச்சம் தட்டும்."

அவன் யோசித்து வைத்திருந்தது இதுதான். கடைச்சல் மெசினில் இரும்பைப் பிடித்துச் சுற்றுகிற தண்டின் பின்பக்கத்தில் வட்டமான தகரத் தட்டு ஒன்று. தட்டின் விளிம்பு முழுக்கச் சீப்புப்போல வெட்டுகள். ஒரு பக்கம் டோர்ச் பல்ப், மறுபக்கம் உள்ளே வெளிச்சம் படும்படி மூடி அறுத்த ட்ரான்சிஸ்டர். தட்டு சுற்றும்போது ஒவ்வொரு வெட்டுக்குள்ளாலும் வெளிச்சம் விழும். ஒவ்வொரு முறை விழும்போதும் மோட்டர் ஓரடி வைத்துக் கத்தியை நகர்த்தும். இரும்பு ஒரு சுற்றுச் சுற்றக் கத்தி ஐம்பது அடி நகர்ந்தால் சரியான புரி விழும்.

"அம்பது வெட்டு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒண்டுக்கொண்டு மயிரிழை வித்தியாசமும் இருக்கப்படாது. என்ரை கை நடுங்கும். நீ செய்வியோ?"

ஞானாம்பிகை தலையாட்டினாள். அவள் பெரும்பாலும் தலையாட்டித்தான் பதில் சொல்வாள்.

எண்பத்தேழில் சண்டைக்காகப் பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். திரும்பத் திறந்தபோது ஞானாம்பிகை போகவில்லை. ஆமிக்குப் பயந்துதான் பிள்ளை நின்றுவிட்டாள் என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். உண்மையில் அவள் பயந்தது கணக்குப் பாடத்துக்கு. கரும்பலகைக்கு முன்னால் நின்று பதினேழாம் வாய்ப்பாட்டில் விக்கி, வகுப்பே சிரித்து, ரீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த ஒரு நாளுக்குப் பிறகு அவளால் அந்தப் பள்ளிக்கூடக் கேற்றைத் தாண்ட முடியவில்லை. மூன்று வருடத்துக்குப் பிறகும் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தால் காது சுட்டது.

ஆனால் கோடு கீறும் யுக்தி ஒன்று அவளிடம் இருந்தது. தட்டின் விளிம்பைச் சுற்றிவரும் நீளத்துக்குக் கடதாசிப் பட்டி ஒன்று வெட்டினாள். எழுதாத கொப்பித் தாள்கள் மூன்றைச் சோற்றுப் பசையால் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டினாள். கொப்பிக் கோடுகளுக்கிடையே எப்போதும் ஒரே இடைவெளிதான். பட்டியை அந்தக் கோடுகளின் மேல் சாய்வாகப் படுக்கவைத்து, ஐம்பது இடைவெளிகளை எண்ணி, பட்டியின் இரண்டு முனைகளும் அவற்றின் தொடக்கத்திலும் முடிவிலும் பொருந்தும்வரை சரித்தாள். கோடு கடக்கும் இடமெல்லாம் பென்சிலால் புள்ளி வைத்தாள். பிறகு பட்டியைத் தட்டின் விளிம்பில் சுற்றி ஒட்டினாள். முதல் புள்ளியும் கடைசி முனையும் முத்தமிட்டதுபோல ஒட்டிக்கொண்டன.

மூன்று நாள் அரத்தோடு இருந்தாள். விரல் நுனி இரண்டு வெடித்தது. சோமசேகரம் தட்டைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"எடி, இது கையாலை வெட்டினதெண்டு ஆர் நம்புவினம்?"

வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மார்க்கண்டுவும் பாராட்டினார். "சோமு, உன்னைக் கட்டிக் குடுத்திட்டுத் தங்கச்சியைப் பட்டறையிலை வை."

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஒருவர் தன்னைப் புகழ்ந்ததை ஞானாம்பிகை அன்றைக்குத்தான் கேட்டாள்.

முதல் போல்டை வெட்டியபோது அம்மா பராசக்தி கூட அடுப்பை விட்டு எழும்பி வந்தாள். சோமசேகரம் கைப்பிடியை மெல்லச் சுற்ற, பல்ப் கண் சிமிட்ட, மோட்டர் டிக் டிக் என்று அடி வைக்க, இரும்பில் பளபளவென்று புரி விழுந்தது. பார்க்கக் கடையில் வாங்கியதுபோலவே இருந்தது. நட்டைப் போட்டுத் திருகினான். ஒரு சுற்று ஏறியது. இரண்டு ஏறியது. மூன்றாவது சுற்றில் இறுகி நின்றது.

இன்னொன்று வெட்டினான். அதுவும் மூன்றாம் சுற்றில் நின்றது. நாலாவது போல்டும் அப்படியே நின்றபிறகு, அடிமட்டத்தையும் உருப்பெருக்கியையும் வைத்துக்கொண்டு ஒரு முழுநாள் அளந்தான்.

"ஒரு சுத்துக்கு ஓரடி கூடப் போகுது. அம்பது வைக்கச் சொல்ல அம்பத்தொண்டு வைக்குது, சனியன்." பிறகு குசினி வாசலால் தங்கச்சியைப் பார்த்தான். "தட்டிலை அம்பதுதானே?"

"ஓம் அண்ணை. எண்ணித்தான் வெட்டினனான்."

"அதுதானே. எண்ணிக்கை பிழைச்சிருந்தால் கடைசி வெட்டு முதல் வெட்டோடை இடிக்கும். இது பவுண் மாதிரி ஒட்டியிருக்கு. மோட்டர்தான் பாயுது. உள்ளுக்குத் தேஞ்ச மோட்டரைத் தந்திருக்கிறார் நானா."

வேலிக்கு மேலால் மார்க்கண்டு உடனே தன் பங்கைப் போட்டார். "வியாபாரியின்ரை மோட்டர்தானே, சோமு. லாபம் வைக்காமல் ஓடுமோ?"

சோமசேகரம் சிரித்தான். மார்க்கண்டு தன் பகிடிக்குத் தானே சிரித்தார். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஞானாம்பிகையின் கை நின்றது.

லாபம்.

அந்த வீட்டில் எதை எண்ணினாலும் அம்மா முதலில் சொல்லுவது அந்தச் சொல்லைத்தான். பயறு அளந்தாலும் நெல் அளந்தாலும் முதல் கொத்து "லாபம்". ஊரெல்லாம் அப்படித்தான் தொடங்கும். ஆனால் மற்ற வீடுகளில் லாபத்துக்கு அடுத்தது இரண்டு. பராசக்தியின் வீட்டில் முதல் கொத்துப் பிள்ளையாரின் பானைக்குப் போகும். அது கணக்கில் இல்லை. அதற்குப் பிறகுதான் "ஒண்டு" வரும். லாபம், ஒண்டு, ரெண்டு, மூண்டு. ஞானாம்பிகை பேசப் பழகிய நாளிலிருந்து கேட்ட எண்ணிக்கை அதுதான். கொப்பிக் கோடுகளின் முதல் இடைவெளியில் விரலை வைத்து, வாய்க்குள் அவள் என்ன சொன்னாள்?

யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தட்டைக் கையில் எடுத்தாள். ஒரு வெட்டில் கரிப் பொட்டு வைத்து அதிலிருந்து எண்ணினாள். திரும்ப எண்ணினாள். இடைவெளிகள் எல்லாம் சமன்தான். ஐம்பத்தொரு சமன்.

அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். அண்ணன் வீட்டுப் பின்பக்கக் கோடிக்குள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தான். பத்து அடி நடந்தால் போதும். ஆனால் ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு ஐம்பதுகூட எண்ணத் தெரியாது என்று வேலிக்கு மேலால் மார்க்கண்டு சொல்லப்போவது அவளுக்கு இப்போதே கேட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று தட்டை இருந்த இடத்தில் மாட்டினாள்.

அடுத்த நாள் விடிய சோமசேகரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐந்து சந்திக்குப் போய்விட்டான்.

மத்தியானம் திரும்பி வந்து சோற்றுக்கு முன்னால் இருந்தபடி சொன்னான். "குடுத்தன் வடிவா. கடை நிறைய ஆக்கள். பழுதான சாமானைத் துடைச்சுத் தந்து என்ரை ஒரு மாத வேலையைக் கெடுத்துப் போட்டீர், இனி உம்மடை சாமானைத் தொடமாட்டன் எண்டு சொன்னன்."

"அவர் என்னவாம்?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்டும் கதைக்கேல்லை. முழிச்சுக்கொண்டு நிண்டார்."

ஞானாம்பிகை கறிச்சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கரண்டியிலிருந்து குழம்பு நிலத்தில் சொட்டியதை அம்மா சொல்லித்தான் கண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை யூசுப் நானா வந்தார். ஐந்து மைல் வெயிலில் மிதித்த முகம் கறுத்து வியர்த்திருந்தது. கதிரையில் இருக்கச் சொன்னதற்கு இருக்கவில்லை.

"தம்பி, என்ரை வாப்பாவின்ரை காலத்திலையிருந்து அந்தக் கடை கிடக்குது. பழசை நாங்கள் பழசு எண்டுதான் விக்கிறது. பழுதை நல்லது எண்டு ஒருநாளும் சொன்னதில்லை. அந்த மோட்டரைக் கொண்டு வாரும். உம்மடை கண்ணுக்கு முன்னாலை திறந்து காட்டிறன். உள்ளுக்குத் தேஞ்சிருந்தால் அதை என்ரை தலையிலை போடும்."

"திறவுங்கோ. நான் மாட்டன் எண்டே சொல்லுறன்?"

மார்க்கண்டு வேலியைச் சுற்றிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார். அம்மா தேத்தண்ணி கொடுக்கச் சொன்னாள். ஞானாம்பிகை தேத்தண்ணிப் பேணியோடும் பனங்கட்டித் துண்டோடும் போனபோது யூசுப் நானா நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, மடியில் துவாயை விரித்து, மோட்டரின் நாலு திருகாணிகளையும் கழற்றிக்கொண்டிருந்தார். அவருடைய விரல்கள் தடித்தவை. ஆனால் திருகாணிகளை ஒவ்வொன்றாகத் துவாயில் வரிசையாக வைத்தன.

அம்பத்தொண்டு எண்டு ஒரு சொல். அவள் அதை நாக்கில் எடுத்து வைத்தாள். மூன்று ஆண்கள் நிமிர்ந்து தன்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தாள். சொல் திரும்ப உள்ளே போய்விட்டது.

"தங்கச்சி, பேணியை உங்கை நிலத்திலை வையும். கை எண்ணெய்" என்றார் யூசுப் நானா, அவளைப் பார்த்துச் சிரித்து.

மூடி கழன்றது. நடுவிலிருந்த காந்த உருளையை இழுத்து வெளியே எடுத்தார். தேய்வு ஒரு பொட்டும் இல்லை. கம்பிச் சுற்றுகள் புதுப் பவுண் நூல்போலக் கிடந்தன. சோமசேகரம் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தேயேல்லைத்தான்" என்றான், விருப்பமில்லாமல்.

"அப்ப பூட்டி ஓட்டிப் பாரும்."

பூட்டி ஓட்டினார்கள். மோட்டர் நடுங்கியது. கத்தியை இழுக்க மாட்டாமல் நின்ற இடத்திலே முனகியது. தண்டை விரலால் உருட்டினால் முன்னைப்போல டிக் டிக் என்று பிடிக்கவில்லை. வழவழவென்று சுற்றியது.

யூசுப் நானாவின் முகம் விழுந்துவிட்டது. திரும்பக் கழற்றினார், திரும்பப் பூட்டினார். "முந்தி இப்பிடி இல்லையே" என்றார், தனக்குத்தானே. "தம்பி, நான் தரேக்கை இப்பிடி இல்லை."

மார்க்கண்டு தொண்டையைச் செருமினார். "திறந்து காட்டப்போய் உள்ளது வெளியிலை வந்திட்டுது."

யூசுப் நானா தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. அவர் போன பிறகு ஞானாம்பிகை அதை ஊற்றிவிட்டுப் பேணியைக் கழுவினாள். அவர் திருகாணியில் கை வைக்க முன்னர் அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த மோட்டர் உயிரோடு இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவள் செய்தது இன்னும் மோசமானது. அதை நல்லது என்று நினைத்துத்தான் செய்தாள்.

வேறு வழியில்லாமல் சோமசேகரம் நானா தந்த இரண்டாவது மோட்டரைப் பூட்ட ஆயத்தம் செய்தான். அவன் சுன்னாகம் போன ஒரு நாள் பின்னேரம், அவள் புதுத் தகரம் எடுத்தாள். இந்த முறை ஒவ்வொரு இடைவெளிக்குள்ளும் பென்சிலால் இலக்கம் எழுதினாள். ஒன்று என்று எழுதும்போது வாயை இறுக மூடிக்கொண்டாள். அவன் இல்லாத நேரங்களில் நாலு நாளாக அராவி, பழைய தட்டின் இடத்தில் மாட்டினாள். பழையதை நெற்பெட்டிக்குள் புதைத்தாள். போல்ட் சரிவந்தால் அண்ணை கோபத்தை மறப்பான், மறந்தால் ஐந்து சந்திக்குத் திரும்பவும் போவான், எல்லாம் தன்பாட்டில் ஆறிவிடும் என்று நினைத்தாள்.

போல்ட் சரிவந்தது. நட்டு முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்றுவரை விரலால் தட்டிவிடவே ஓடியது. சோமசேகரம் "ஓய்!" என்று கத்தினான். நட்டைக் கழற்றித் திரும்பவும் ஓடவிட்டான். மார்க்கண்டுவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"பாத்தியளே அண்ணை? அதே தட்டு, அதே பல்ப், அதே கத்தி. மோட்டர் மட்டும் வேறை. அப்ப பிழை எதிலை?"

"இனி என்ன சாட்சி வேணும்?" என்றார் மார்க்கண்டு. "அண்டைக்கு அந்தாள் நிலத்திலை இருந்து காட்டின நடிப்பிருக்கே! நானே ஒரு சொட்டு நம்பிப்போட்டன்."

"தோட்டக்காரச் சங்கத்திலையும் சொல்லிவைக்கவேணும். எங்கடை ஆக்கள் ஒருத்தரும் அந்தக் கடைப் படி மிதிக்கப்படாது" என்றான் சோமசேகரம்.

ஞானாம்பிகை நெற்பெட்டியைத் திறந்தாள். கை முழங்கைவரை நெல்லுக்குள் போனது. தட்டைக் கொண்டுவந்து அண்ணனின் மேசையில் வைத்தாள். உமி ஒட்டியிருந்தது.

மார்க்கண்டு போகும்வரை காத்திருந்துவிட்டுத்தான் வைத்தாள் என்பதை அவள் பின்னால் தன்னிடமே ஒத்துக்கொண்டாள்.

"அண்ணை, இது அம்பத்தொண்டு. நான் லாபத்தை எண்ணேல்லை. இப்ப பூட்டியிருக்கிறது வேறை தட்டு."

சோமசேகரம் எண்ணினான். பிறகு மறுபக்கம் திருப்பி எண்ணினான், அந்தப் பக்கத்திலாவது ஒன்று குறையும் என்பதுபோல.

"எப்ப தெரியும் உனக்கு?"

அவள் மேசையில் சிந்திய உமியை விரலால் கூட்டினாள்.

"அந்தாள் இஞ்சை வந்து இருந்து திறக்கேக்கை தெரியுமோ?"

அவள் தலையாட்டினாள். அடிப்பான் என்று நினைத்தாள். அவன் அடிக்கவில்லை. தட்டைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் ஒரு துணியைப் போட்டான்.

"நடந்தது நடந்துபோச்சு. வாயைப் பொத்திக்கொண்டு இரு. ஊருக்கும் தெரிய வேண்டாம். மார்க்கண்டண்ணைக்கும் தெரிய வேண்டாம்."

"யூசுப் நானா..."

"அவ்வளவு பேருக்கு முன்னாலை கத்திப்போட்டு வந்து நிக்கிறன், ஞானம். இனிப் போய் எந்த மூஞ்சையோடை நிக்கிறது?"

தனக்கு இருக்கிற அதே நோய்தான் அண்ணனுக்கும் என்று அவள் அப்போது கண்டாள். அது அவளுக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, சோமசேகரம் தோட்டத்தில் நின்ற நேரம், ஞானாம்பிகை அம்மாவிடம் நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவனுடைய சைக்கிளை எடுத்தாள். தட்டையும் செத்த மோட்டரையும் பனையோலையில் பின்னிய பைக்குள் போட்டுக்கொண்டாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒழுங்குபடுத்தினாள். ஐந்து சந்தியில் இறங்கியபோது அதில் ஒரு சொல்லும் மிஞ்சவில்லை.

கடைக்குள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். சைக்கிள் றிம் பார்க்க வந்தவர்கள், தராசுக்காரர், வாசலில் சுருட்டோடு ஒரு கிழவர். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யூசுப் நானா அவளை அடையாளம் கண்டு எழுந்தார். சிரிக்கவில்லை.

"என்ன பிள்ளை? அண்ணன் இன்னும் ஏதும் சொல்லி விட்டவரோ?"

அவள் வாயைத் திறந்தாள். பதினேழாம் வாய்ப்பாட்டில் விக்கியதுபோலவே சொல் நின்றது. காது சுட்டது. யாரோ ஒருவர் "ஊமைப் பிள்ளையோ?" என்று கேட்டார்.

தட்டை எடுத்து மேசையில் வைத்தாள். கரிப் பொட்டுள்ள வெட்டில் விரலை வைத்தாள்.

"லாபம்" என்றாள்.

விரல் அடுத்த வெட்டுக்குப் போனது. "ஒண்டு." அடுத்ததற்கு. "ரெண்டு. மூண்டு."

இருபதில் றிம் பார்க்க வந்தவர்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். முப்பதில் சுருட்டுக் கிழவர் கிட்ட வந்தார். நாற்பதில் அவள் கண்ணீர் தட்டில் விழுந்தது, துடைக்காமல் எண்ணினாள். "நாப்பத்தொன்பது. அம்பது." விரல் திரும்பவும் கரிப் பொட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

யூசுப் நானா தட்டைத் தன் பக்கம் திருப்பினார்.

"எங்கடை கடையிலையும் லாபம் எண்டுதான் தொடங்கிறது" என்றார். "ஆனா அடுத்தது ரெண்டு, பிள்ளை."

"எங்கடை வீட்டிலை அது பிள்ளையாருக்கு."

தராசுக்காரர் குபீரென்று சிரித்தார். யூசுப் நானா அவரைப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது. அவள் பையிலிருந்து மோட்டரையும் எடுத்து வைத்தாள். அவர் தண்டை ஒரு விரலால் உருட்டினார். அது வழவழவென்று சுற்றியது.

"அண்டைக்குப் பேந்து ஒரு மெக்கானிக்கிட்டை விசாரிச்சனான். இதைத் திறக்கவே கூடாதாம். அந்த உருளையை வெளியிலை எடுத்த உடனே காந்தம் செத்துப்போகுமாம். எனக்குத் தெரியாது. உம்மடை அண்ணனுக்கும் தெரியாது." அவளை நிமிர்ந்து பார்த்தார். "தட்டின்ரை கணக்கு உமக்கு அண்டைக்கே தெரியுமோ?"

"ஓம்."

அவர் கோபித்திருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். மோட்டரை அவள் பக்கம் தள்ளிவிட்டு, தட்டை மட்டும் எடுத்துத் தன் கதிரைக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினார்.

"இது இஞ்சை கிடக்கட்டும். அண்ணனை வந்து வாங்கிக்கொண்டு போகச் சொல்லும்."

வீட்டுக்கு வந்தபோது சோமசேகரம் படலையில் நின்றான். தோட்டத்து மண் காலில் காயவில்லை.

"சைக்கிளை எங்கை கொண்டு போனனீ? துணிக்குக் கீழை கிடந்த தட்டு எங்கை?"

"யூசுப் நானாவின்ரை கடையிலை. நீங்கள் வந்து கேட்டால் தருவாராம்."

அவன் முகத்தில் இரத்தம் ஏறி இறங்கியதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த முறை தலையைக் குனியவில்லை, குனியக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லேக்கை ஆர் ஆர் நிண்டவை?" என்று கேட்டான் கடைசியாக.

"எல்லாரும் நிண்டவை, அண்ணை."

சோமசேகரம் கிணற்றடிக்குப் போய்க் காலைக் கழுவினான். கொடியில் கிடந்த வெள்ளைச் சேர்ட்டை எடுத்துப் போட்டான். பிழையான துளையில் பொத்தானைப் பூட்டி, கழற்றி, திரும்பப் பூட்டினான். பிறகு அவள் கையிலிருந்து சைக்கிளை வாங்கினான். மிதிக்காமல், ஐந்து சந்திப் பக்கமாக, ஒழுங்கை முடியும்வரை அதை உருட்டிக்கொண்டே போனான்.